மூக்கு நுனியில் சேறு

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் பல் வைத்தியம் பார்க்கும் என் தம்பி போன் செய்தான். எனக்கு அல்ல, என் மனைவிக்கு. என்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் அவளிடம்தான் பேச வேண்டும் என்பதைப் பல் வைத்தியர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிறு திரும்புவதாம். கடற்கரைச் சாலை முழுக்க மழைக்கால நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. அவனுடைய பெரிய காரில் அவன், நான், இவள், மகள். அவன் மனைவி வரவில்லை, நனைவது பிடிக்காதாம். புத்திசாலி.

வரமாட்டேன் என்றேன். மகளுக்காக வாருங்கள் என்றாள் இவள். மகள் விலங்கியல் முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறாள். தீவில் இருக்கும் பறவை ஆய்வு நிலையத்தில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். பறவைச் சங்கத்தின் பதிவுக் குழுச் செயலாளர் நல்லபடியாக ஒரு கடிதம் கொடுத்தால் பலமாக இருக்கும். அந்தச் செயலாளர் என் தம்பி. வேறு யாராக இருக்கப் போகிறார்.

பதினாறு வருஷம் முன்பு இதே கணக்கெடுப்பில், இதே சாலையில், ஒரு முகத்துவாரத்தில் நான் கரண்டிமூக்கு உள்ளானைப் பார்த்தேன். சிட்டுக்குருவி அளவுப் பறவை. அலகு நுனி மட்டும் தட்டையாகக் கரண்டி போல விரிந்திருக்கும். உலகத்தில் சில நூறுதான் மிச்சம் என்கிறார்கள். எங்கள் கரையில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. முழுதாக இரண்டு நிமிஷம் பார்த்தேன்.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. அரிய பறவை என்றால் இருவர் பார்த்திருக்க வேண்டும், ஒருவரோடொருவர் பேசுவதற்கு முன்பே தனித்தனியாகக் குறிப்பு எழுத வேண்டும். தம்பி இருபதடி தள்ளி நின்றிருந்தான். கையைக் காட்டினேன். அவன் திரும்புவதற்குள் பறவைக் கூட்டம் எழுந்து பறந்துவிட்டது. அவன் எழுதவில்லை. போகட்டும். ஆனால் மாதக் கூட்டத்தில், நாற்பது பேர் நடுவில் எழுந்து நின்று சொன்னானே: "அண்ணன் பொய் சொல்ற ஆள் இல்ல. சாதாரண கொசு உள்ளானா இருக்கும், மூக்கு நுனில கொஞ்சம் சேறு ஒட்டியிருந்திருக்கும். யாருக்கும் நடக்கறதுதான்."

சிரித்தார்கள். மறுநாளிலிருந்து என் பெயர் சேத்துமூக்கர். மரியாதைக்கு ஒரு 'அர்' வேறு. அடுத்த சங்கச் சுற்றுலாவில் மற்ற பிள்ளைகள் என் மகளை 'சேத்துமூக்கு பொண்ணு' என்று கூப்பிட்டார்கள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டுக்கு வந்து என்ன அர்த்தம் என்று கேட்டாள். சங்கத்தை விட்டு விலகினேன்.

இப்போது அவன் காரில் ஏறி உட்கார வேண்டும்.

நவம்பர் 12

கல்லூரியில் லீவு எழுதிக் கொடுத்தேன். சுற்றுலாவா என்று முதல்வர் கேட்டார். கணக்கெடுப்பு என்றேன். நூலகர் என்றாலே அதுதானே வேலை என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நவம்பர் 14, வெள்ளி

விடாத மழை. மனைவிக்குப் பயணத்தில் குமட்டும் என்பதால் முன் இருக்கை அவளுக்கு. எனக்கு ஓட்டுகிறவனுக்குப் பின்னால். ஆறு மணி நேரம் தம்பியின் பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். முடிக்குச் சாயம் அடிக்கிறான், காதோரம் வரைக்கும் அடிக்கத் தெரியவில்லை.

ஒரு வளைவில் சிவப்பு நண்டுகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தன. நூற்றுக்கணக்கில். தம்பி வண்டியை நிறுத்தினான். மகள் குடையோடு இறங்கி நண்டுகளை ஒதுக்கினாள். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார், பிறகு எட்டிப் பார்த்தார், பிறகு துடைப்பத்தோடு இறங்கிவந்து மகளோடு சேர்ந்துகொண்டார். கால் மணி நேரத்தில் வழி கிடைத்தது. "டிராபிக் போலீஸ் வேலைக்கும் அப்ளை பண்ணு" என்று தம்பி அவளிடம் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

விடுதி அறையில் சுவர் வேர்த்திருக்கிறது. நான்கு ஈரத் துண்டுகள், ஒரே கொடி. நீங்கள் ஏன் மத்தியானம் முழுக்க வாயைத் திறக்கவில்லை என்று மனைவி கேட்டாள். பல் வைத்தியர் எதிரில் வாயைத் திறந்தால் செலவு என்றேன். சிரிக்கவில்லை. "உங்க கோபத்துக்குன்னு தனியா ஒரு சீட் போட்டிருக்கணும்" என்றாள்.

நவம்பர் 15, சனி

கடல்முனையிலிருந்து ஓங்கில்களைப் பார்த்தோம், டால்பின்கள். ஆறு, ஏழு இருக்கும். மழைத்திரைக்கு அப்பால் முதுகுகள் மட்டும் ஏறி இறங்கின. மனைவி குழந்தைபோல் என் கையைப் பிடித்தாள். வெகுநாளாயிற்று அப்படிப் பிடித்து. அதற்குள் தம்பி வந்து, "அண்ணி, இப்போ இடது பக்கம் வரும் பாருங்க" என்றான். இடது பக்கம்தான் வந்தன. கடலும் அவன் பேச்சைக் கேட்கிறது.

உப்பளங்களில் மகளும் அவனும் எண்ணினார்கள். பத்துப் பத்தாக எண்ணு, கண்ணை அலையவிடாதே, கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஆரம்பி. இதையெல்லாம் அவளுக்கு ஏழு வயதில் சொல்லிக்கொடுத்தவன் நான். இன்று அவள் அதை அவனிடம் ஒப்பிக்கிறாள், அவன் சரி, சரி என்று தலையாட்டுகிறான்.

சாப்பிடும்போது, "நாளைக்கு முகத்துவாரம். அண்ணனோட இடம்" என்றான். கிண்டலா, இயல்பாகச் சொன்னானா? அவன் குரலில் எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை. தட்டோடு எழுந்து கை கழுவப் போனேன். பாதி சாப்பாடு மிச்சம். மகள் என்னைப் பார்த்த பார்வை — வெட்கப்படுகிறாள். என்னால்.

நவம்பர் 16, ஞாயிறு

வீடு வந்துவிட்டோம். இதை இப்போதே எழுதியாக வேண்டும். நாளைக்கு எழுதினால் எனக்கு வசதியாக எழுதிக்கொள்வேன்.

காலை ஏழே காலுக்கு முகத்துவாரம். தண்ணீர் வடிந்து சேற்றுத் திட்டுகள் வெளியே தெரிந்தன. மழை தூறல்தான். நான் காரை விட்டு இறங்கவில்லை. முழங்கால் வலி என்றேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. அந்த இடத்தில் அவனோடு நிற்க முடியாது, அவ்வளவுதான். மனைவி கரைமேல் இருந்த தேநீர்க் கடைக்குப் போனாள். அவர்கள் இருவரும் வரப்பில் நடந்து போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். முதுகைத் திருப்பிக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவர்கள்போல. விதி அதுதானே. எழுதி முடித்து நோட்டுகளை மாற்றிக்கொண்டார்கள். தம்பி அவள் தலையில் கை வைத்தான். அவள் சேற்றில் வழுக்கி வழுக்கி என்னிடம் ஓடிவந்தாள்.

"அப்பா, கரண்டிமூக்கு. நீங்க பாத்த அதே இடம். வாங்கப்பா."

போனேன். அவள் முகம் அப்படி இருந்தது. நூறு கொசு உள்ளான்களுக்கு நடுவில், முக்காலியில் நிறுத்திய ஸ்கோப்பின் வட்டத்தில், அது. அலகு நுனியில் கரண்டி, சந்தேகமே இல்லை. மகள் போனில் படம் எடுத்திருந்தாள். மழையில் மங்கலாக இருந்தாலும் நுனி தடிப்பாகத் தெரிந்தது. அங்கே சிக்னல் இல்லை. சங்கத்துக்காரர்களுக்குச் சொல்ல இருவரும் கரைக்கு மேலே போனார்கள். "கண்ண எடுக்காதீங்கப்பா, நகர்ந்தா கூடவே திருப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். தம்பி போகிறபோது என் தோளைத் தொட்டான்.

நான் கண்ணை எடுக்கவில்லை. பதினோரு நிமிஷம். ஆறாவது நிமிஷத்தில் அது கூட்டத்தைவிட்டு ஒரு குட்டைப் பக்கம் போனது. அலகைத் தண்ணீரில் அமிழ்த்தியது. தலையை உதறியது. மறுபடி அமிழ்த்தியது. நிமிர்ந்தபோது கரண்டி இல்லை.

ஊசி மாதிரி ஒரு கறுத்த அலகு. கொசு உள்ளான். பிறகு ஐந்து நிமிஷம் அதையே பார்த்தேன். வேறு பறவையைப் பார்க்கிறேனோ என்று நினைக்கக்கூட வழியில்லை, குட்டையில் அது ஒன்றுதான். பிறகு மழை வலுத்தது, எல்லாம் எழுந்து பறந்தன.

மகள் மூச்சிரைக்க வந்தாள். "மூக்கு நல்லா தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. பறந்துடுச்சு" என்றேன்.

மூன்றாவது ஆளாக நீங்களும் குறிப்பு எழுதுங்கள் என்று நோட்டை நீட்டினாள். என் எழுத்து உங்கள் சங்கத்தில் செல்லாது என்றேன். அவள் முகம் சுருங்கியது. நோட்டை மூடிக்கொண்டு நடந்தாள்.

நவம்பர் 17

ஏன் சொல்லவில்லை?

தம்பி. பதிவுக் குழுச் செயலாளர். பிறத்தியார் வாயைப் பார்த்தே வீடு கட்டியவன், ஒரு பறவையின் மூக்கில் ஏமாந்தான். சேறு ஒட்டியிருக்கும்டா என்று நாற்பது பேர் நடுவில் நானும் எழுந்து சொல்லலாம். பதினாறு வருஷமாக இதற்குத்தானே காத்திருந்தேன்?

சொன்னால் மகள் பெயரும் போகும். வேலையும் போகலாம். இன்னொன்றும் இருக்கிறது — சேறு அப்படி ஏமாற்றும் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்போ அன்னைக்கு நான் பாத்தது என்ன?

வேண்டாம். தூங்கு.

டிசம்பர் 3

மகளுக்கு நிலையத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. ஜனவரி இருபதில் சேர வேண்டும். தம்பி கொடுத்த கடிதத்தில் அந்தப் பதிவைப் பற்றித்தான் பாதிப் பக்கம். உள்ளூர்ப் பத்திரிகையிலும் இருவர் படமும் வந்திருக்கிறது. மனைவி அதைக் கத்தரித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

டிசம்பர் 21, ஞாயிறு

தம்பி வந்தான். ஏழெட்டு வருஷம் கழித்து என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். கையில் ஒரு பழைய கோப்பு.

"அண்ணே, அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்றான். "அந்தத் திட்டுக்கு அது வருதுன்னு இப்போ தெரிஞ்சுபோச்சு. நீ பாத்ததும் அதுதான். குழுவுல நானே சொல்லி ஒத்துக்க வெச்சுட்டேன். உன்னோடதுதான் முதல் பதிவு. புள்ளையோடது ரெண்டாவது. அடுத்த கூட்டத்துல எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்கறேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. நடித்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். இந்த நாளுக்காக எத்தனை பதில் தயாரித்து வைத்திருந்தேன், குளிக்கும்போது, பேருந்தில், நூலகத்தில் முத்திரை குத்திக்கொண்டே. காப்பி குடிக்கிறியா என்றேன்.

மகள் கதவோரம் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து நாளாயிற்று.

என் பழைய படிவத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கீழே மறுபடி ஒரு கையெழுத்துப் போட்டு, ஜனவரி ஐந்துக்குள் கொடுக்க வேண்டும்.

டிசம்பர் 24

படிவத்தைப் படித்தேன். என் கையெழுத்துதான், அப்போது கொஞ்சம் அழகாக இருந்திருக்கிறது. நேரம், ஒளி, தொலைவு, நீர்மட்டம் எல்லாம் ஒழுங்காக நிரப்பியிருக்கிறேன். 'பார்த்த கால அளவு' என்ற இடத்தில்: நாற்பது விநாடி.

நாற்பது விநாடி. இத்தனை வருஷமாக எல்லோரிடமும் இரண்டு நிமிஷம் என்று சொல்லிவந்திருக்கிறேன். இந்த நோட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறேன். எப்போது நீண்டது?

ஆறாவது நிமிஷத்தில்தான் சேறு விழுந்தது.

டிசம்பர் 30

கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன? யாருக்கு நஷ்டம்? பறவைக்கா?

ஜனவரி 4, ஞாயிறு

குழுவுக்குக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். இரண்டே வாக்கியம். பதினாறு வருஷம் முன்பு நான் கொடுத்த பதிவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நான் பார்த்த பறவையின் அலகில் சேறு ஒட்டியிருந்திருக்கலாம். மகளின் பதிவைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. வீட்டுக்கு ஒரு சேத்துமூக்கு போதும்.

எழுதியதும் லேசாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

ஜனவரி 7

தம்பி போன் செய்தான். இந்த முறை எனக்கே.

"நான் என்னதான்ணே செய்யணும்? கால்ல விழணுமா?"

அதற்கில்லை என்றேன்.

"என்னை மன்னிக்கறதுக்கு பதிலா, நீ முட்டாளாவே இருந்துக்கறேங்கற. இருந்துக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

மகள் அறைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். உள்ளே வரவில்லை. வாசற்படியிலிருந்தே பேசினாள். "அவர் நீட்டின கைய தட்டிவிடறதுக்காக, நீங்க பாத்ததையே பாக்கலன்னு சொல்றீங்க. சின்ன வயசுல என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டப்போல்லாம் எங்கப்பா நிஜமா பாத்தாருன்னு சண்டை போட்டிருக்கேன். தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. ஒருநாளும் சொன்னதில்லையே. ஒன்பது வயசுப் பிள்ளை, யாரோடெல்லாம் சண்டை போட்டதோ.

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நேர்மையா ஒரு காரியம் பண்ணேன். அதையும் வன்மம்னுட்டாங்க. அவங்க தப்பா? இத்தனை வருஷம் வேற என்னத்தக் காட்டியிருக்கேன் அவங்களுக்கு?

ஜனவரி 19, திங்கள்

பேருந்து நிலையம். இரண்டு பெட்டி, ஒரு ஸ்கோப். தம்பிதான் காரில் கொண்டுவந்து விட்டான். நான் மனைவியோடு ஆட்டோவில் போனேன். நானும் அவனும் பேருந்தின் முன்பக்கமும் பின்பக்கமுமாக நின்றோம். மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள், சித்தப்பாவைக் கட்டிக்கொண்டாள். என்னிடம், மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள்.

பிப்ரவரி 8

மகளிடமிருந்து போன் வந்தது. மனைவிக்கு. இருபது நிமிஷம் பேசினார்கள். தீவில் காற்று அதிகமாம், சாப்பாடு பரவாயில்லையாம்.

பிப்ரவரி 15

வந்தது. அவளுக்கு.

மார்ச் 1, ஞாயிறு

மத்தியானம் என் போன் அடித்தது. மகள்.

நலம் விசாரிக்கவில்லை. நேரே ஆரம்பித்தாள். தினம் ஐந்நூறு, அறுநூறு கொசு உள்ளான் எண்ணுகிறாளாம். இன்று காலை ஒன்று மூக்கு நுனியில் சேற்றோடு நின்றதாம். கூட இருந்த பெண் கரண்டிமூக்கு என்று நோட்டை எடுத்தாளாம், மகளும் எடுத்தாளாம். நாலு நிமிஷம் கழித்து அது தண்ணீரில் மூக்கை அலசியதாம்.

அப்புறம் கேட்டாள்.

"அன்னைக்கு நாங்க மேல போனப்புறம் நீங்க எவ்வளவு நேரம் பாத்தீங்க?"

மழை, சரியாகத் தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் சொன்னேன். பதினோரு நிமிஷம். ஆறாவது நிமிஷம். குட்டை. எல்லாம்.

அவள் அழவில்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா உனக்கும் அந்தப் பேர வெச்சிருப்பாங்க."

"வெக்கட்டுமேப்பா" என்றாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டாள்.

மார்ச் 6

மகளும் பதிவைத் திரும்பப் பெற்றுவிட்டாள். நிலையத்தில் அவளுக்கு மேலிருப்பவரிடம் அவளே போய்ச் சொன்னாளாம். அவர் சிரித்துவிட்டு, தனக்கு அப்படி மூன்று முறை நடந்திருக்கிறது என்றாராம். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. இதற்கா நான் நாலு மாசம் — சரி.

ஆனால் தம்பி கையெழுத்தும் அதில் இருக்கிறது. பத்திரிகையில் அவன் படமும் வந்திருக்கிறது. மகள் அவனிடமும் எல்லாம் சொல்லியிருக்கிறாள், பிறகு மனைவி அவனிடம் பேசினாள். நான் எல்லாம் தெரிந்தே நாலு மாசம் அவனை ஆடவிட்டு வேடிக்கை பார்த்தேன் என்கிறானாம். அவன் வந்து மன்னிப்புக் கேட்ட அன்றும் தெரிந்துகொண்டே காப்பி குடிக்கிறியா என்று கேட்டேனாம். கூட்டத்தில் யாரோ அவனை 'சின்ன சேத்துமூக்கர்' என்றார்களாம். செயலாளர் பதவியை விட்டுவிட்டான்.

அப்படியில்லை என்று சொல்லுங்கள் என்றாள் மனைவி. முழுக்க அப்படியில்லை என்று எப்படிச் சொல்வேன்? ஆட்டோவிலிருந்து இறங்கி, பேருந்துக்குப் பக்கத்தில் அவன் பெருமையாக நிற்பதைப் பார்த்தபோது எனக்குள் சிரித்தது யார்?

மார்ச் 9

நேற்றிலிருந்து ஐந்து முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

நூலகத்திலிருந்து நேரே தம்பியின் கிளினிக்குக்குப் போனேன். முன்னால் உட்கார்ந்திருந்த பெண் புதியவள், என்னைத் தெரியாது. பல் வலியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டு டோக்கன் கொடுத்தாள். பதினெட்டு. சீட்டை உள்ளே கொண்டு போய் வைத்துவிட்டு வந்தாள்.

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சுவரில் பல் துலக்கும் முறை படமாக மாட்டியிருக்கிறது, ஏழு நிலைகள். பதினேழாம் ஆள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். நான் எழுந்தேன். அந்தப் பெண் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, டாக்டர் கிளம்பிவிட்டார், பின்வாசல் வழியாகப் போயிருக்கிறார் என்றாள். இப்படிச் செய்கிறவர் இல்லையே சார் என்று அவளே வருத்தப்பட்டாள்.

நாளைக்கு டோக்கன் நாலரைக்கே கொடுக்க ஆரம்பிப்பார்களாம். அரை நாள் லீவு எழுதிவைத்திருக்கிறேன்.